நான்காவது ஆல்டர்நேட்டர்

"எந்தக் காயலான் கடையிலேர்ந்து எடுத்தாந்து மாட்டுன?" என்று அறிவுச்செல்வன் கேட்டபோது பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கலைப்பிரியா அவனுடைய காரின் முன்பக்கம் குனிந்திருந்தாள். உடனே நிமிரவில்லை. கடைசி போல்ட்டையும் கழற்றி, ஆல்டர்நேட்டரை இரண்டு கையாலும் வெளியே எடுத்து, சாக்கின் மேல் வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"புதுசு சார். உங்க கண்ணு முன்னாடிதான டப்பாவப் பிரிச்சேன்."

"டப்பா புதுசு. உள்ள இருந்தது?"

யாரோ சிரித்தார்கள். அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"அஞ்சு மாசத்துல மூணு போயிடுச்சு. இந்த வண்டிக்காக நான் பட்ட பாடு இன்னான்னு தெரியுமா? ஒவ்வொரு வாட்டியும் ஃபிரண்ட்ஸுங்க எல்லாம் ரோட்டுல நின்னுக்கினு இருப்பானுங்க, நான் வீட்டுல ஒக்காந்துக்கினு இருக்கேன். உங்க கையில குடுத்ததே தப்பு."

அந்த 'உங்க' மரியாதைக்குச் சொன்னதில்லை. தன்னைவிட ஐந்து வயது மூத்த அவளை அவன் எப்போதும் 'நீ' என்றுதான் கூப்பிடுவான். அந்த 'உங்க'வுக்குள் யார் யார் அடக்கம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பட்டறைக்குச் சொந்தக்காரனான வல்லரசு, காதில் விழாதவன் போல, காற்றடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

விழுப்புரத்தில் திண்டிவனம் சாலையோரம் இருந்தது அந்தப் பட்டறை. என்ஜின், கியர், பிரேக் எல்லாம் வல்லரசு பார்ப்பான். ஒயரிங், செல்ஃப் மோட்டார், பேட்டரி என்று மின்சாரம் சம்பந்தப்பட்ட எதுவும் கலைப்பிரியாவுக்கு வரும். ஷெட்டின் ஒரு மூலையில் அவளுக்கென்று ஒரு மேஜை இருந்தது. கோலியனூர்க் காலனியிலிருந்து ஐ.டி.ஐ.க்குப் போய்ப் படித்தவள். முதல் இரண்டு வருடம் வண்டிக்காரர்கள் அவளைப் பார்த்து, "எலெக்ட்ரீஷியன் எங்கம்மா?" என்று கேட்டார்கள். பதினோரு வருடம் கழித்து இப்போது அப்படிக் கேட்பவர்கள் குறைந்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் ஒரு தப்புகூடச் செய்யாமல் இருக்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் தப்புச் செய்தால் தப்பு. அவள் செய்தால், பொம்பளையிடம் கொடுத்தது தப்பு, காலனிக்காரியிடம் கொடுத்தது தப்பு.

அறிவுச்செல்வன் திண்டிவனத்துக்காரன். கரும்பும் மல்லாட்டைக் கடலையும் போடும் குடும்பம். அவனுடைய கார் வெளியிலிருந்து பார்த்தால் பழைய செடான் வண்டி. ஆனால் சென்னையில் ஒரு கடையில் கொடுத்து என்ஜினுக்கு வேகம் கூட்டும் டர்போ வைத்து, சைலென்சரை மாற்றி, தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தான். எடை சமமாக இருக்கவேண்டும் என்று பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கிக்குள் கொண்டுபோயிருந்தார்கள். பந்தய வண்டிகளில் இருப்பதுபோல, பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் வெளியே தெரியும்படி ஒரு சிவப்புச் சாவியும் இருந்தது. விபத்து நடந்தால், வெளியே நிற்கிறவர் அதைத் திருப்பி பேட்டரியைத் துண்டித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் அவன் நண்பர்களும் விழுப்புரம் – பாண்டி நாலுவழிச் சாலையில் கூடுவார்கள். யார் வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று போனில் படம் எடுத்துப் போடுவார்கள்.

அந்தக் காரில்தான் ஆல்டர்நேட்டர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி அது. அது செத்தால் வண்டி பேட்டரியைக் கொஞ்ச நேரம் தின்றுவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

முதல் தடவை வயதாகிவிட்டது என்று நினைத்து வேறு மாற்றினாள். இரண்டாவது தடவை விடவில்லை. வண்டி முழுக்கத் தேடினாள். டிக்கிவரை போன கேபிள் ஒல்லியாக இருந்தது, தடித்ததாக மாற்றினாள். எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். சுரண்டிவிட்டுப் புதிதாக இழுத்தாள். டர்போவின் சூடு தாக்காமல் நடுவில் ஒரு தகடு அடித்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தால் பதினாலு வோல்ட்டுக்குச் சற்று மேலே, இருக்கவேண்டிய அளவில் அசையாமல் நின்றது. அப்படியும் நாற்பது நாளில் மூன்றாவதும் போய்விட்டது.

அன்று எல்லோரும் போன பிறகு வல்லரசு அவள் மேஜைக்கு வந்தான்.

"மனசுல வெச்சுக்காத பிரியா. கோவத்துல பேசிட்டான்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ண்ணே."

"இன்னா சொல்றது? மூணு போயிருக்குது. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அவனும் சந்தேகப்படுகிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அறிவுச்செல்வன் சொன்னதைவிட அது அதிகமாக வலித்தது.

செத்த ஆல்டர்நேட்டரைப் பிரித்து மேஜையில் பரப்பினாள். சூட்டினால் போயிருந்தால் செம்புக் கம்பி கறுத்திருக்கும், கருகிய வாடை வரும். கம்பி புதிதுபோலப் பளபளத்தது. பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடுகள் மட்டும் ஒன்று விடாமல் செத்திருந்தன. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வெடித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போன பொருள் இப்படி இருக்காது. ஒரே நொடியில் அறுபது, எழுபது வோல்ட் அடித்திருக்கவேண்டும். இரண்டாவது தடவை ஹெட்லைட் பல்பும் பாட்டுப் பெட்டியும் சேர்ந்து போனது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது அதைத் தனியாக நினைத்து மாற்றிக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் அறிவுச்செல்வனுக்குப் போன் செய்தாள். "சார், மூணு வாட்டியும் எந்தக் கெழம போச்சு?"

"சனிக்கெழம. அதான சொல்றேன், ஞாயித்துக்கெழம போவ முடியலன்னு."

"எங்க வெச்சு?"

"வீட்டுலேர்ந்து எடுத்துக்கினு போனேன், கொஞ்ச தூரத்துலயே பேட்டரி லைட்டு வந்திருச்சு. மூணு வாட்டியும் அப்டித்தான்."

நூற்றெழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒரு தடவைகூடக் கெட்டுப்போகாத ஆல்டர்நேட்டர், வீட்டு வாசலில் மட்டும் கெட்டுப்போகிறது. நான்காவதை மாட்டிக் கொடுத்துவிட்டு, "காலையில நீங்க வண்டி எடுக்கறத நான் பாக்கணும் சார்" என்றாள். அவன் வேண்டாவெறுப்பாகச் சரி என்றான்.

திண்டிவனத்துக்கு முதல் பஸ்ஸில் போனாள். பெரிய வீடு. வாசலில் சிமெண்டுத் தரை போட்ட இடத்தில் கார் நின்றது. அறிவுச்செல்வன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கினான்.

"டர்போ வண்டி. எடுத்தவுடனே போவக்கூடாது. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் சும்மா ஓடணும்."

"அது வரைக்கும் நீங்க இங்கயே நிப்பீங்களா?"

"நின்னு இன்னா பண்றது? குளிச்சிட்டு வருவேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவள் காரின் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிவப்புச் சாவியை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். நல்ல பந்தயச் சுவிட்ச் பேட்டரியைத் துண்டிக்கும்போதே என்ஜினையும் நிறுத்திவிடும். இது மட்டமான சாமான். பேட்டரியை மட்டும் துண்டிக்கும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் திருப்பினால் வண்டி நிற்காது. ஆனால் ஆல்டர்நேட்டர் தயாரிக்கும் மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது. ஒரே நொடியில் வோல்ட் எகிறி, அது தன்னைத்தானே கொன்றுகொள்ளும்.

முதுகுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. அறிவுச்செல்வனின் மனைவி இசைவாணி டீயோடு நின்றிருந்தாள். ஒல்லியான பெண், இருபத்தேழு வயது இருக்கலாம்.

"பேப்பர் கப்புலதான் இருக்குதுக்கா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பரவாலம்மா." கலைப்பிரியாவுக்கு அது பழகிப்போனது. வாங்கிக் குடித்தாள்.

இசைவாணி போகவில்லை. "இது ரிப்பேர் ஆனா எத்தினி நாளுக்கா ஆவும்?"

"பத்து நாளு, பன்னெண்டு நாளு. சாமான் சென்னையிலேர்ந்து வரணும்."

"இப்ப சரியாயிடுச்சா?"

"இந்த வாட்டி கண்டுபுடிச்சிடுவேம்மா. உடமாட்டேன்."

"கண்டுபுடிச்சிதான் ஆவணுமா?"

கலைப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று தோன்றியது. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெயர் கலைமதி, ஆறு வயது.

"ஆன்ட்டி, கார் சரியாயிடுச்சா? நான் முன்னாடிதான் உக்காருவேன். நான்தான் வீடியோ எடுப்பேன். ஒன் செவன்ட்டி!"

"உள்ள போ பாப்பா" என்றாள் இசைவாணி. குழந்தையின் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

கலைப்பிரியா அதைப் பார்த்தாள். காதிலும் விழுந்தது. ஆனால் அவள் மனசு முழுக்க அந்தச் சுவிட்ச்தான் இருந்தது. இத்தனை நாளாகத் தூக்கமில்லாமல் தேடியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அறிவுச்செல்வன் குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள். "இந்தச் சாவிய நீங்க தொடுவீங்களா சார்?"

"எதுக்கு? அது ஆக்ஸிடென்ட்டுக்கு."

"வேற யாராச்சும்?"

"என் வண்டியத் தொடறதுக்கு இந்த வீட்டுல யாருக்கு தைரியம் இருக்குது?"

"சரி. இன்னும் கொஞ்ச நாளைக்கு நீங்களும் தொடாதீங்க. எதுக்குன்னு அப்பறமா சொல்றேன்."

அவன் வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்து நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்து, சாவிக்கும் அது நுழைந்திருந்த வளையத்துக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். யாராவது திருப்பினால் அது உடைந்துவிடும். பார்த்தால் தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறொரு யோசனையும் வந்தது. அந்த மட்டமான சுவிட்சை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்று மாட்டினால் போதும். யார் திருப்பினாலும் வண்டி அணையும், அவ்வளவுதான், ஆல்டர்நேட்டர் தப்பித்துவிடும். சுவிட்ச் சரியில்லை சார், மாற்றிவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஏழெட்டுப் பேர் முன்னால் அவன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். இத்தனை நாள் அதை ஏன் பார்க்கவில்லை என்று இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். யாரோ செய்த காரியத்துக்கு அவள் பேச்சு வாங்கியிருக்கிறாள். அது யார் என்று தெரியாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை.

பதினாறாவது நாள், சனிக்கிழமை, காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே அறிவுச்செல்வனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் வந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கலைப்பிரியா காரின் பின்னால் போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். நெயில் பாலிஷ் கோடு இரண்டாக உடைந்திருந்தது.

"வாங்க சார். வல்லரசண்ணே, நீங்களும் வாங்க. எல்லாருமே வாங்க."

எல்லோரும் வந்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள். முதலில் பிரித்த டயோடுகளைக் காட்டினாள். பேட்டரியைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று, வண்டி பற்றி எதுவும் தெரியாதவனுக்கும் புரியும்படி விளக்கினாள். பிறகு டார்ச்சை அந்த உடைந்த கோட்டின் மேல் காட்டினாள்.

"இதத் திருப்பியிருக்காங்க. என்ஜின் ஓடும்போது திருப்பியிருக்காங்க. நாலு வாட்டியும் அதான் நடந்திருக்குது. நான் மாட்டுன சாமான்ல தப்பு இல்ல. என் வேலையில தப்பு இல்ல. ரோட்டுலயும் ஒண்ணும் ஆவல. நீங்க குளிக்கப் போற நேரத்துல, உங்க வீட்டு வாசல்ல ஆயிருக்குது."

வல்லரசு, "அடேங்கப்பா" என்றான். பதினோரு வருடத்தில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அறிவுச்செல்வன் சுவிட்சைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். "காலையில வாசல் தெளிக்கறது அவதான்" என்று முணுமுணுத்தான்.

கலைப்பிரியாவுக்கு இசைவாணியின் வெளுத்த விரல்கள், பேப்பர் கப், கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"சார், சுவிட்சும் மட்டமானதுதான்" என்றாள் அவசரமாக. "வண்டி ஆடற ஆட்டத்துல அதுவே லூஸாயிருந்தாலும் இருக்கும். நான் மாத்திடறேன். இனிமே போவாது."

"இப்பதான திருப்புனாங்கன்னு சொன்ன?"

"அப்டித்தான் தோணுச்சு..."

"தோணுச்சா? அஞ்சு நிமிஷமா பாடம் எடுத்த." அவன் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ சொன்னத எழுதிக் குடு."

"எதுக்கு சார்?"

"சாமான் மேல தப்பு இல்ல, உன் மேல தப்பு இல்லன்னு சொன்னல்ல? அத எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. உனக்குத்தான நல்லது."

"குடுத்துடு பிரியா" என்றான் வல்லரசு. "பேஜாரு முடிஞ்சிது."

அவள் எழுதினாள். என்ஜின் ஓடும்போது ஆள் கையால் சுவிட்சைத் திருப்பியதால் நான்கு முறை பழுது ஏற்பட்டது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள். எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதமாட்டேன் என்று சொன்னால், அப்போ பொய்யா சொன்ன என்று கேட்பானே என்று நினைத்தாள். அவ்வளவுதான் அந்த நேரத்தில் நினைத்தாள்.

அந்த வாரமே அறிவுச்செல்வன் ஒரு வீடியோ போட்டான். சென்னையில் கண்டுபிடிக்க முடியாததை விழுப்புரத்தில் ஒரு அக்கா கண்டுபிடித்தார் என்று அதில் பேசினான். முதல் தடவையாக அக்கா என்றான். பாண்டியிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வண்டிகள் வந்தன. வல்லரசு போர்டில் அவள் பெயரையும் எழுதச் சொன்னான். அவள் இரண்டு தடவை அறிவுச்செல்வன் வீட்டுக்குப் போன் செய்ய நினைத்தாள். இசைவாணியின் நம்பர் அவளிடம் இல்லை. வேறு யாரைக் கேட்பது?

மூன்று வாரம் கழித்து, டீ குடித்துக்கொண்டே வல்லரசு சொன்னான். "அவன் பொண்டாட்டிதானாம் பிரியா. பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டானாம். லூசு போல."

"கொழந்த?"

"அது அவன்கிட்டதான். ஸ்கூலு இருக்குதுல்ல."

அமாவாசை அன்று பட்டறை லீவு. இசைவாணி பிறந்த ஊரை வல்லரசிடம் கேட்டுக்கொண்டு, பாண்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கோட்டக்குப்பம் வழியாகப் பொம்மையார்பாளையம் போய்ச் சேர்ந்தாள். இசைவாணியின் அண்ணன் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். விசாரித்துப் போனபோது, இசைவாணி பின்பக்கம் அறைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள். கலைப்பிரியாவைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. ஒரு கையாலேயே விரிப்பை உதறினாள். கலைப்பிரியா மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நாலைந்து விரிப்புகளைக் கொடியில் போட்டார்கள்.

"அவருதான் பாப்பாவுக்கு வெளையாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தாரு" என்றாள் இசைவாணி. "இந்தச் செவப்பு சாவியத் திருப்புனா காரு செத்துடும்னு. நானும் பக்கத்துல இருந்தேன். புள்ளய முன்னாடி ஒக்கார வெச்சிக்கினு அந்த ஸ்பீடு போவாதீங்கன்னு கால்ல உழுந்திருக்கேன்க்கா. சிரிப்பாரு. மாமனாருகிட்ட சொன்னேன். ஆம்பளப் புள்ளன்னா அப்டித்தான்னாரு. ஒரு நாளு தண்ணி தெளிக்கும்போது திருப்பிப் பாத்தேன். காரு நிக்கல. பயந்துக்கினு திரும்ப வெச்சிட்டேன். ஆனா சாயங்காலம் அவரு நடந்து வந்தாரு. பன்னெண்டு நாளு காரு இல்ல. அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமயும் நான் ஒழுங்கா சோறு துன்னேன்."

கலைப்பிரியா அடுத்த விரிப்பை எடுத்து நீட்ட, இசைவாணி மறுமுனையைப் பிடித்தாள்.

"அது இன்னா சாமானு, எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாது. போவுதுன்னு மட்டும் தெரியும்."

"பாப்பாவ ஏம்மா உட்டுட்டு வந்தீங்க?"

"உட்டுட்டா?" இசைவாணி விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "ரெண்டு வீட்டு ஆளுங்களும் மண்டபத்துல ஒக்காந்து பேசுனாங்க. உங்க பேப்பர மாமனாரு எழுந்து நின்னு படிச்சாரு. நாலு வாட்டி வேணும்னே செஞ்சிருக்கா, நாளைக்கு ஓடற வண்டியில பிரேக்கப் புடுங்கமாட்டான்னு இன்னா நிச்சயம், இவகிட்ட எப்டி புள்ளய உடறதுன்னு கேட்டாரு. யாருக்கும் பதில் இல்ல. எங்க அண்ணனுக்கும் இல்ல. பேப்பர கையில வாங்கிப் பாத்தேன். உங்க கையெழுத்து அழகா இருந்திச்சுக்கா."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா..."

"தெரியாதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோலவே இருந்தது. கலைப்பிரியாவால் தலையாட்ட முடியவில்லை.

"அன்னிக்கு டீ குடுக்கும்போது நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் இசைவாணி. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த வீட்டுல கேக்கமாட்டாங்க. நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் வந்து சொல்றேம்மா. அந்த வண்டி எவ்ளோ வேகம் போவுதுன்னு எனக்குத் தெரியும். புள்ள எங்க ஒக்காருதுன்னு தெரியும். மண்டபத்துல வந்து எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அண்ணன் அப்போதுதான் பேசினான். "நீங்க வந்து சொன்னா எடுபடாதும்மா. அவங்க ஆளுங்க உங்களப் பேச உடமாட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க."

எழுதிக் கொடுத்தபோது அவளுடைய பேப்பர் எடுபட்டிருந்தது. மண்டபத்தில் அதைப் படிக்கும்போது யாரும், இதை எழுதியது யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. கலைப்பிரியா மீதி விரிப்புகளையும் போட்டுவிட்டுக் கிளம்பினாள். இசைவாணி அவளுடைய நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அறிவுச்செல்வன் வண்டியோடு வந்தான். முன்சீட்டில் கலைமதி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தச் சுவிட்சே வேணாம். எடுத்துட்டு நேரா ஜாயின் பண்ணிடு" என்றான்.

கலைப்பிரியா மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. "பாப்பாவ பின்னாடி ஒக்கார வெச்சு பெல்ட்டு போடுவீங்கன்னு சொல்லுங்க சார். பண்றேன்."

"இன்னாது?"

"அந்த வேகத்துல புள்ளய முன்னாடி வெச்சிக்கினு போவாதீங்க. உங்க வீட்டம்மா அதுக்காகத்தான் செஞ்சாங்க. வேற எதுக்கும் இல்ல."

அவன் வல்லரசைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாண்ணே, உங்க எலெக்ட்ரீஷியன் எனக்குக் குடும்பம் நடத்தக் கத்துக் குடுக்குது?" பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பு போயிருந்தது. "நீ ஒயர மட்டும் பாரு."

"இந்த வண்டியில நான் இனிமே கை வெக்கமாட்டேன்."

"பிரியா, ஜல்தியா முடிச்சுக் குடு. பேசாத" என்றான் வல்லரசு. அவள் அசையவில்லை. வல்லரசு முகம் சிவந்து, தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான். சுவிட்சைக் கழற்றி, இரண்டு கேபிளையும் ஒரே போல்ட்டில் முடுக்கி, டேப் சுற்றினான். பத்து நிமிட வேலை. தான் மறுத்து எதையும் தடுத்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. போகும்போது கலைமதி சன்னல் வழியாக அவளுக்கு டாட்டா காட்டினாள்.

மாலையில் வல்லரசு, அவளைப் பார்க்காமலேயே சொன்னான். "வர்ற கஸ்டமரு எல்லாம் அவன் ஆளுங்க. எனக்கு வேற வழி தெரியல. நீ வேற எடம் பாத்துக்க."

போர்டிலிருந்து பெயரை அழிக்க அவன் அவசரப்படவில்லை. அடுத்த மழைக்கு அது தானாகவே போயிற்று.

அவள் கோலியனூரில், நாலுவழிச் சாலையை ஒட்டி, தகரம் போட்ட ஒரு இடத்தைப் பிடித்தாள். டிராக்டர், ஷேர் ஆட்டோ, டெம்போ என்று வண்டிகள் வருகின்றன. முன்புபோல இல்லை. புதிதாக வருகிறவர்கள் இறங்கி, "எலெக்ட்ரீஷியன் எங்கம்மா?" என்று கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கார் அந்த வழியாகத்தான் போகிறது. வருவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடும். ஆல்டர்நேட்டரில் இப்போது ஒரு குறையும் இல்லை. கடக்கும் ஒரு நொடிக்குள் அவள் உள்ளே பார்த்துவிடுவாள். முன்சீட்டில், போனைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெல்ட் இல்லாமல், சீட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை.

ஒன்பது மணிக்கு இசைவாணி போன் செய்வாள்.

"போச்சாக்கா?"

"போச்சும்மா. திரும்பியும் போயிட்டாங்க."

"பாப்பா?"

"பின்னாடி சீட்டுலதாம்மா இருந்தா."

"பெல்ட்டு?"

"போட்டிருந்தா. நல்லாத் தெரிஞ்சிது."

மறுமுனையில் கடல் காற்று இரைந்துகொண்டிருக்கும். இசைவாணி, "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவள் நம்புகிறாளா என்று கலைப்பிரியாவுக்கு இதுவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை.